பள்ளிக்காட்டில் புதைத்த கர்ப்பப்பை

பிய்யாத்து இத்தாவுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, வருஷக்கணக்கில் அவளிடம் ஏச்சு வாங்கியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அரிசி மாவு வறுபடும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டு உயிரை எடுப்பாள். மாவு தன் பாட்டுக்கு வறுபட விடமாட்டாள்.

தானூருக்கு வடக்கே, கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில்தான் நாங்கள் பத்திரி என்கிற அரிசி ரொட்டி சுடுகிறோம். கல்யாண வீட்டுக்கும் ஓட்டலுக்கும் போகிற பத்திரி, மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டுக் கருகல் இல்லாமல் இருக்க வேண்டும். கருகினால் இத்தா அதை எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, "இதை உன் புருஷனுக்குக் குடு" என்பாள். தவணைக்குப் பாத்திரம் விற்க சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர் என் புருஷன். அவர் பின்னால் நானும் வந்தேன். வந்த மறுவாரமே இத்தா என்னைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். செண்பகம் என்கிற என் பெயர் அவள் வாயில் நுழையவே இல்லை. பாண்டிச்சி என்றுதான் கூப்பிடுவாள், தமிழ்க்காரியை இங்கே இளக்காரமாகச் சொல்கிற பேர் அது. வேறு யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் சண்டைக்குப் போவாள்.

அவள் புருஷன் பீரான்குட்டி, எங்களுக்கெல்லாம் பீரான் இக்கா, ஆட்டோ ஓட்டுகிறவர். பெருநாளுக்கு ஆடு அறுக்கும்போது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மனுஷன். மீன் வாங்கி வந்தால்கூட அதன் கண்ணைப் பார்க்கமாட்டார். இத்தா அவரை "மூப்பர்" என்பாள், எதிரே நின்றால் "நீங்க" என்பாள். எவ்வளவு கோபம் வந்தாலும் அந்த "நீங்க" மாறாது. கோபத்தில் வருகிற "நீங்க" கேட்கிறவர்களுக்குத்தான் தெரியும் அதன் காரம்.

மாதவிலக்கு நிற்க வேண்டிய வயதில் இத்தாவுக்கு அது நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "போகப் போற விருந்தாளி வாசல்ல நின்னு ரொம்ப நேரம் பேசுறதில்லையா, அது மாதிரிதான்" என்று தட்டிக் கழித்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு கல்யாண ஆர்டர் அன்று, மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே பாத்திரத்தின் மேல் சாய்ந்தாள். தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்து ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, பத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு வருகிற நார்க்கட்டிதான், கர்ப்பப்பையோடு எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்தார்கள்.

அந்த மாதிரிச் சின்ன ஆஸ்பத்திரிகளில் சோதனைச்சாலை கிடையாது. எடுத்ததை மருந்துத் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, இறுக மூடி, வெளியே நிற்கிற சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். கோழிக்கோட்டில் லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள், ரிப்போர்ட்டை வாங்கி வந்து காட்டுங்கள் என்பார்கள். பீரான் இக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். "குடுத்தாச்சா?" என்று இத்தா படுக்கையிலிருந்தே கேட்டாள். "ம், ஆச்சு" என்றார். தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்டார். "வந்துச்சு டாக்டர், கொழப்பம் ஒன்னுமில்ல" என்று இவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். டாக்டரும் காகிதத்தைக் காட்டச் சொல்லவில்லை. இத்தா வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாளிலேயே கொட்டகையில் நின்று எங்களை விரட்ட ஆரம்பித்துவிட்டாள். ரத்தம் ஊறி முகம் தெளிந்தது. எல்லோரும் அதோடு மறந்துபோனோம்.

மழைக்காலம் வந்ததும் இருமல் வந்தது. மாவு தூசி என்றோம், கடல்காற்று என்றோம். கசாயம், சுக்கு, மிளகு எல்லாம் ஆயிற்று. இருமல் போகவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்கியது. காசநோயாக இருக்கும் என்று ஒருவர் சளியைச் சோதித்தார், அதில் ஒன்றும் இல்லை. மார்பைப் படம் எடுத்தவர் அதை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்களைக் கோழிக்கோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக என்னவோ இருந்தது.

அங்கே எங்களைப் பார்த்தவர் டாக்டர் மினி குருவிளா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். மார்பில் ஊசி விட்டு அந்த உருண்டை ஒன்றிலிருந்து துணுக்கு எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். எடுத்த இடத்தில் காற்றுக் கசிந்து, நுரையீரல் சுருங்கி, இத்தா விலாவில் குழாயோடு கிடந்தாள். அவ்வளவு பாடுபட்டும் கிடைத்தது நகக்கண் அழுக்கு அளவுதான். அதை வைத்துக்கொண்டு டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இத்தா, மறைக்காம சொல்றேன். இது புற்றுநோய். நுரையீரல்ல பிறந்ததில்ல. கர்ப்பப்பையில இருந்து வந்தது. ரொம்ப அபூர்வமான வகை. நானே என் சர்வீஸ்ல விரல் விட்டு எண்ணுற அளவுதான் பார்த்திருக்கேன்."

பீரான் இக்கா "படச்சோனே" என்று நெஞ்சில் கைவைத்தார். இத்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேல சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

"இதுல ரெண்டு மாதிரி இருக்கு. ஒன்னு வெறிபிடிச்சு ஓடுறது. அதுக்கு உடனே கடுமையான கீமோ ஏத்தணும். இன்னொன்னு மெதுவா ஊர்றது. அது பெண் உடம்புல ஊறுற ஹார்மோனைத் தின்னு வளரும். அந்தத் தீனியை நிறுத்திட்டா பட்டினி கிடந்து சுருங்கும். அதுக்குக் கீமோ குடுத்தா அது அசையாது, உங்க உடம்புதான் கெடும். வேகமானதுக்கு மாத்திரையைக் குடுத்துட்டு உட்கார்ந்திருந்தா, நாம பார்த்துட்டு இருக்கும்போதே கைமீறிப் போயிடும்."

"எனக்கு எது?"

"அதுதான் இந்தத் துணுக்குல தெரியல. இன்னொரு தடவை ஊசி விட எனக்கே தைரியம் வரல. கர்ப்பப்பையை எடுத்தாங்களே, அதைப் பார்த்தாப் போதும், தெரிஞ்சிடும். லேப்ல அதுல இருந்து துண்டு வெட்டி மெழுகுக்கட்டியில பத்திரமா வச்சிருப்பாங்க. ரிப்போர்ட் எங்க? எந்த லேப்?"

இத்தா புருஷனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சின்னதாகிக்கொண்டு போனார்.

"லேப்புக்கு நான் போகல டாக்டர்" என்றார்.

"பின்ன?"

"பள்ளிக்காட்டுல வச்சேன்."

"வச்சேன்னா?"

"கபரடக்கிட்டேன்."

டாக்டர் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைத் தூக்கி பீரான் இக்கா தலையில் போட்டிருப்பேன். இத்தா கத்தவில்லை, அழவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாட்டிலோடயா புதைச்சீங்க, கொட்டிட்டுப் புதைச்சீங்களா?"

"பாட்டிலோடதான். மூடியைத் திறக்க மனசு வரல. வெள்ளைத் துணியில சுத்தி அப்படியே வச்சேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "மூடியைத் திறக்கவே இல்லையே? உறுதியாத் தெரியுமா?"

"என் மக்க மேல சத்தியம்."

"அப்ப போய் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். "உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாது. ஆனா மருந்துத் தண்ணி வத்தாம இருந்தா ஏதாவது கிடைக்கும். சீக்கிரம் எடுங்க."

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு பீரான் இக்கா பைத்தியக்காரராகத் தெரியலாம். அப்படி இல்லை. உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் அதற்கும் மரியாதை உண்டு என்பது இங்கே எல்லோரும் சொல்வது. மரமில்லில் விரல் போனவன்கூட, அந்த விரலைப் பள்ளிவாசல் பின்னாலிருக்கிற பள்ளிக்காட்டில் அடக்கம் பண்ணக் கொடுத்துவிட்டுத்தான் கையில் கட்டோடு வீட்டுக்குப் போவான். லேபில் கர்ப்பப்பையைத் துண்டு துண்டாக அரிந்து பார்த்துவிட்டு வாளியில் கொட்டிவிடுவார்கள் என்று இவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாதாரணக் கட்டிதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார், பிறகு எதற்கு அரிய வேண்டும் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. தன் பிள்ளைகள் நான்கு பேர் கிடந்த இடம் குப்பைக்குப் போவதை இவரால் தாங்க முடியவில்லை. இதையெல்லாம் ரயிலில் அவரே சொன்னார். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் பாதியும் பாவம் பாதியுமாக இருந்தது. இத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் இறங்கியபிறகுதான் வாய் திறந்தாள்.

"எந்த இடத்துல?"

"நம்ம மோளு பக்கத்துல."

மூன்று பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி, மூத்தவன் கத்தாரில் இருக்கிறான். கடைசிப் பெண் பிறந்த வாரத்திலேயே போய்விட்டாள். அந்தக் குழந்தையின் கபருக்குப் பக்கத்தில்தான் பாட்டிலை வைத்திருந்தார். இத்தா அங்கேயே பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிவாசலுக்கு நடந்தாள்.

தொழுகை நடத்துகிற ஹம்ஸ உஸ்தாத் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் கூட நின்றார்கள். பீரான் இக்கா விழுங்கி விழுங்கிச் சொன்னார். கமிட்டிக்காரர் ஒருவருக்கு முகம் சுளித்தது.

"கபர் இருக்கிற இடத்தைத் தோண்டுறதா? சின்னக் குழந்தை வேற பக்கத்துல கிடக்கு. ஊரு என்ன பேசும்?"

"ஊரு வந்து எனக்குப் பதிலா மருந்து குடிக்குமா?" என்றாள் இத்தா.

"பொம்பள நீ கொஞ்சம் தள்ளி நின்னு பேசு பிய்யாத்தே."

"தள்ளி நின்னா உங்களுக்குக் காது கேக்காது இக்கா, போன வருஷமே மெஷின் வாங்கினீங்களே."

உஸ்தாத் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு பீரான் இக்காவிடம், "அடக்கினப்ப மய்யித்து நமஸ்காரம் ஏதாவது நடத்துனியா?" என்று கேட்டார்.

"இல்ல உஸ்தாதே. ஃபாத்திஹா ஓதினேன், அவ்வளவுதான்."

உஸ்தாத் கமிட்டிக்காரரைப் பார்த்தார். "அது மய்யித்து இல்ல. உடம்புக்காரி உசுரோட முன்னால நிக்கிறா. தன்னோடதை அவளே கேக்குறா, உசுருக்கு வேண்டிக் கேக்குறா. குடுக்கமாட்டேன்னு சொல்ல நாம யாரு? குழந்தையோட கபர் மேல மம்மட்டி படக்கூடாது, அது மட்டும்தான்." சொல்லிவிட்டு அவரே உள்ளே போய் மம்மட்டியை எடுத்து வந்தார்.

பெண்கள் பள்ளிக்காட்டுக்குள் போவது இங்கே வழக்கமில்லை. நானும் இத்தாவும் மதிலுக்கு வெளியே நின்றோம். கபர்கள் மேல் மயிலாஞ்சி, நம்ம ஊர் மருதாணிதான், நடுவார்கள். பீரான் இக்காவும் பாட்டில் புதைத்த இடத்தில் ஒரு மயிலாஞ்சிக் கொம்பை நட்டிருக்கிறார். ஆனால் மழையில் எல்லாம் ஒரே காடாக வளர்ந்து கிடந்தது. இவர் நட்டதை ஆடு தின்றதா, மழை அடித்துப் போனதா தெரியவில்லை. ஒரு இடத்தில் தோண்டினார், வேர்தான் வந்தது. கொஞ்சம் தள்ளித் தோண்டினார், வெறும் மணல். அப்புறம் குழந்தையின் கபருக்கு ஒட்டினாற்போல மம்மட்டியை ஓங்கியவர், ஓங்கியபடியே நின்றுவிட்டார். கமிட்டிக்காரர், "போதும், விட்டுருடா" என்றார்.

இத்தா சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, திறந்திருந்த கேட் வழியாக உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை. கமிட்டிக்காரர் வாயைத் திறந்தார், உஸ்தாத் அவர் கையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார்.

"தள்ளுங்க" என்றாள் புருஷனிடம்.

மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து கையால் அள்ள ஆரம்பித்தாள். மம்மட்டியை அவள் தொடவில்லை. குழந்தை இருக்கும் பக்கமாக இடது கையை அணை மாதிரி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் மணலை அள்ளிப் போட்டாள். இருமல் வந்தால் நிறுத்துவாள், மூச்சு வந்ததும் மறுபடி அள்ளுவாள். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய்விட்டு அழுதேன் என்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கடைசியில் அவள் விரலில் துணி தட்டுப்பட்டது.

வெள்ளைத் துணி பழுப்பேறி நைந்திருந்தது. பாட்டில் உடையவில்லை. மூடி இறுக்கமாகவே இருந்தது, உள்ளே தண்ணீர் கலங்கி முக்கால்வாசி இருந்தது. இத்தா பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தனக்குள் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறாள்.

"இம்புட்டுதானா?" என்றாள். "இதுக்குள்ளயா நாலு பேரும் கிடந்தீங்க?"

எழுந்திருக்கும் முன்னால் குழந்தையின் கபர் மேல் உள்ளங்கையை ஒரு தடவை வைத்து எடுத்தாள். பீரான் இக்கா குழியை மூடினார். பாட்டிலை நான் கொண்டு வருகிறேன் என்று கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் கோழிக்கோட்டுக்குப் போனோம். ஓட்டலுக்குப் பத்திரி கொண்டுபோகிற பெரிய ஹாட்பாக்ஸில் பாட்டிலைத் துணி சுற்றி வைத்து, மடியில் வைத்துக்கொண்டாள் இத்தா. அந்த ஹாட்பாக்ஸில் இனி பத்திரி வைக்க முடியாது, அது வேறு கதை. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன இத்தா, பத்திரியா?"

"ஆமா, டாக்டருக்கு."

"சூடா இருக்கா?"

"ஆறிப்போச்சு. ஆனா கெடல" என்றாள் இத்தா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது.

லேபில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். நடந்ததைக் கேட்டு வாய் பிளந்தார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு உள்ளே போனவர் நெடுநேரம் கழித்து வந்தார். "எடுத்த உடனே வெட்டித் திறந்து விட்டிருக்கணும். விடாததால மருந்து நடுப்பாகத்துக்குப் போகல, அங்க எல்லாம் அழுகிப்போச்சு. ஆனா ஓரம் நல்லா இருக்கு. எங்களுக்கு வேண்டியதும் ஓரம்தான். கட்டி பக்கத்துச் சதைக்குள்ள எப்படி நுழைஞ்சிருக்குன்னு ஓரத்துலதான் தெரியும். சாயம் போட்டுப் பார்க்கணும். இவ்வளவு நாள் ஊறினதுல சாயம் சரியா ஏறாது, ரெண்டு மூனு தடவை முயற்சி பண்ணணும். டைம் எடுக்கும்."

டைம் எடுக்கும் என்ற வார்த்தையைக் கேட்டதும் இத்தாவின் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் அந்த நாட்களில்தான் அவள் காத்திருந்து நான் பார்த்தேன். சும்மா காத்திருக்கவில்லை, பிடிவாதமாகக் காத்திருந்தாள். கத்தாரிலிருந்து மகன் தினமும் போன் போட்டான். வேறொரு ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டானாம், ரிப்போர்ட் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடனே கீமோ ஆரம்பிக்கலாம் என்கிறார்களாம்.

"உம்மா, லேட் பண்ணாதீங்க. என் பேச்சைக் கேளுங்க."

"மோனே, தப்பான மருந்தைச் சீக்கிரமாக் குடிச்சு என்ன பிரயோஜனம்?"

"அந்த அழுகினதுல என்ன தெரியப்போகுது உம்மா?"

"நீ கிடந்த இடத்தை அழுகினதுங்காத" என்று போனை வைத்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தி ஆரஞ்சும், ஒருத்தி அழுகையும் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் டீ கொடுத்து, ஆளுக்கு ஒரு பத்திரிக் கட்டையைக் கையில் கொடுத்துப் பரத்த வைத்தாள். "சும்மா உக்காந்து மூக்கைச் சிந்தாதீங்க, ஆர்டர் கிடக்கு" என்றாள். ராத்திரி மூச்சு முட்டினால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். புருஷனிடம் அவள் பேசியது மாவு, உப்பு, விறகு இவை பற்றி மட்டும். அவரும் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சொன்னதைச் செய்தார்.

டாக்டர் மினி கூப்பிட்டு அனுப்பினார். போனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மெதுவா ஊர்ற வகை, இத்தா. சந்தேகமே இல்ல. ஹார்மோனைத் தின்னுதான்னு காட்டுற சாயமும் பளிச்சுன்னு ஏறிடுச்சு."

பீரான் இக்கா முகத்தை மூடிக்கொண்டார். இத்தா, "அதுக்குப் பேரு என்ன?" என்றாள்.

"எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சார்கோமா."

"இத்தனை நீளமா? எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ரெண்டெழுத்துலதான் பேரு. ஊர்றதுக்கே இவ்வளவு ஜம்பமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, செய்ய வேண்டியதைச் சொன்னார். போன தடவை சினைப்பை இரண்டையும் உள்ளேயே விட்டிருக்கிறார்கள், இதற்குத் தீனி போடுவது அவைதான், அவற்றை எடுக்க வேண்டும். அதன்பிறகு தினமும் ஒரு மாத்திரை.

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கிற வரைக்கும். எலும்பு வலிக்கும், உடம்பு காந்தும், கைமூட்டு எல்லாம் பிடிச்சுக்கும். இன்னொன்னும் சொல்லிடறேன். இது முழுசாப் போயிடும்னு நான் வாக்குக் குடுக்கமாட்டேன்."

"போக வேண்டாம் டாக்டர். ஒரு மூலையில அடங்கிக் கிடக்கட்டும். அடங்காததை எல்லாம் அடக்கிக் குடும்பம் நடத்தினவதான் நான்."

அறுவை சிகிச்சை அங்கேயே நடந்தது. தேறி வந்தாள். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே டாக்டர் சொன்ன அத்தனையும் வந்தது. காலையில் விரல்களை மடக்க முடியாது. வெந்நீரில் கையை முக்கி, ஒவ்வொரு விரலாகத் திட்டித் திட்டி விரித்துக்கொண்டு கொட்டகைக்கு வருவாள். முன்னைப்போலப் பத்திரி பரத்த முடியவில்லை. அதற்குப் பதில் எங்கள் பின்னால் நின்று, நாங்கள் பரத்துவதில் குற்றம் கண்டுபிடிப்பதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டாள். ஒரு நாள் நான் தாங்கமுடியாமல், "இத்தா, உங்க மாத்திரை எனக்குத்தான் வலிக்குது" என்றேன். "அப்ப பாதியை நீ முழுங்கு பாண்டிச்சீ" என்றாள்.

அடுத்த ஸ்கேன் எடுக்கப் போகும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயமா என்று கேட்டேன். "ஆமா, பயம்தான்" என்று மறைக்காமல் சொன்னாள். "வாழணும்னு இருக்கு பாண்டிச்சீ. பேராசைதான். எனக்கு இன்னும் வாழணும்." அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூட்டெல்லாம் வீங்கிச் சூடாக இருந்தது.

ஸ்கேனில் நுரையீரல் உருண்டைகள் சுருங்கியிருந்தன. சின்னவை சில இருந்த இடம் தெரியவில்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களுக்கே காட்டினார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, ஆனால் அந்த டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் இத்தா உடைகூட மாற்றாமல் கொட்டகைக்குள் வந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், நான் மட்டும் இருந்தேன். பீரான் இக்கா அவள் பின்னாலேயே வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிய்யாத்தே, எனக்குப் பொருத்தம் தரணும்."

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பது அது. சாகக் கிடக்கிறவரின் கட்டில் பக்கத்தில் குனிந்து கேட்பதும் அதுதான். நான் செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று சொல், இருவருக்கும் நடுவில் இனி ஒன்றும் பாக்கி வேண்டாம் என்று அர்த்தம். கேட்டுவிட்டு மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அத்தனை மாதமாக அடக்கி வைத்தது.

இத்தா அவரை நன்றாக அழவிட்டாள். பிறகு, "பொருத்தம் யாருகிட்ட வாங்குவாங்க?" என்று கேட்டாள்.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விழித்தார்.

"போகப் போறவங்ககிட்ட வாங்குவாங்க. நான் எங்க போறேன்?"

"அப்படி இல்லடீ..."

"இப்ப தந்துட்டா உங்களுக்கு நிம்மதியாயிடும். நிம்மதியா இருக்க வேண்டாம். என் மாத்திரையைத் தினம் நீங்கதான் எடுத்துக் குடுக்கணும், எல்லா ஸ்கேனுக்கும் நீங்கதான் கூட வரணும், டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லணும். எனக்கு எழுபது வயசு ஆகட்டும். அன்னைக்குக் கேளுங்க, தரேன்."

"உனக்கு எழுபதுன்னா எனக்கு எண்பது ஆயிடும்டீ. அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இருங்க. நான் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? போய் அந்த மாவுச் சாக்கைத் தூக்கிட்டு வாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்கைத் தூக்கப் போனார். இத்தா வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாண்டிச்சீ, அழறதுன்னா வெளிய போய் அழு. மாவுல உப்பு கூடிரும்."